விழித்திருக்கும் கார்

எங்கே இறங்குவதென்று முடிவு செய்யாமல்தான் சிவாஜிநகரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்: "அந்தக் கார் முழிச்சிட்டிருந்தா என் வூட்டுக்காரர் பொழைச்சிருப்பாருக்கா."

"கார் எப்படிடி முழிக்கும்? அழுதழுது உனக்குப் புத்தி கலங்கிடுச்சு."

"கரண்டு கார்க்கா. நிறுத்தி வெச்சிருந்தாலும், யாராச்சும் கிட்ட போனா கேமரால படம் புடிச்சு ஓனர் போனுக்கு அனுப்பும். இவர் தெனம் விடிகாலைல காரைத் தொடைக்கப் போவாரா, போன் அடிச்சுத் தூக்கம் கெடுதுன்னு சார் அதை ஆஃப் பண்ணிட்டாரு. அன்னிக்கு நெஞ்சைப் புடிச்சிட்டு கார் பக்கத்துலயே விழுந்திருக்காரு. பேஸ்மெண்ட்ல ஒருத்தரும் பாக்கல."

"பாவி மனுஷன்."

"சாரைத் திட்டாதக்கா. அவரும்தான் அழுதாரு. இப்ப அந்த வேலைய எனக்கே குடுத்திருக்காரு. இனிமே கேமராவ ஆஃப் பண்ணவே மாட்டேன்னு சொல்லிட்டாரு."

"அந்த மட்டும் நல்லது."

"என்ன நல்லது? இவர் விழுந்த எடத்துல நின்னுதான் தொடைக்கணும். வாய்விட்டு அழுதா சார் போன்ல தெரிஞ்சிடும். முந்தானையக் கடிச்சிட்டே தொடைக்கிறேன்."