கைப்பிடி போடாத கூடை

தொண்ணூற்றொன்றில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வல்லக்கோட்டை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் புது வயர்கூடை.

"இன்னாடி, கைப்பிடியே காணோம்?"

"வேணும்னுதான் போடலக்கா. எங்க நாத்தனாருக்குப் பின்னுனது. பொங்கல்ல சண்ட போட்டவ, இன்னும் பேசல. எனக்குக் கூடை பின்னக் கத்துக்குடுத்ததே அவதான். கைப்பிடி போட வரலன்னு நீட்டுனா, திட்டவாவது வாயத் தொறப்பா இல்ல? அடுத்த ஸ்டாப்புல ஏறுவா, பாரு."

"தொறக்கலன்னா?"

"கூடைய அவ மடியில வெச்சிட்டு எறங்கிடுவேன்."

நாத்தனார் ஏறினாள். கைப்பிடி போட வரவில்லை என்று இவள் நீட்டிய கூடையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, அடிப்பக்கமே கோணலா கீது. தூங்கிகினே பின்னுனியா? மிச்ச வயர எடு."

அண்ணி ஜன்னலோரம் நகர்ந்து இடம் கொடுத்தாள். வல்லக்கோட்டை வரை விழுந்த திட்டுக்கெல்லாம் சிரித்துச் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.