ஆறு மணிச் சேதி

— ஆலங்கட்டி தகரத்து மேல விழுந்தா ஒரு சத்தம் வருமுங்களே, மொதல்ல அப்படித்தான் ஆரம்பிச்சதுங்க. நெசமாவே ஆலங்கட்டிதான்னு லாரிக்கு வெளிய தலைய நீட்டிப் பாத்தேன். வானம் சுத்தமா இருந்துது. அப்பறந்தான் தெரிஞ்சுது, சத்தம் ரேடியோவுக்குள்ள இருந்து வருதுன்னு.

— ஜாவா, தம்பி. ஜாவாத் தீவு. வெண்கலத் தட்டு, வெண்கலச் சட்டி, நாப்பது பேர் தரையில உக்காந்து அடிக்கிறான். புரியுதா? நாப்பது பேருக்கும் சேத்து ஒரே மூச்சு. தலைநகரம் லா பாஸ்ல பெரிய பெரிய ரேடியோ ஸ்டேஷன் வச்சிருக்கானுங்களே, அவனுங்களுக்கே இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாது. உக்காரு, உக்காரு. அந்த ரெக்கார்டுப் பெட்டியை நகத்திட்டு உக்காரு. மெதுவா, கீறல் விழுந்துரப் போகுது. என்னைக்குக் கேட்ட?

— போன மாசம் ஒரு செவ்வாக்கிழமைங்க. ஆத்துப் பாலத்துக்கிட்ட நிறுத்தியிருந்தேன். உருளைக்கிழங்கு லோடு. ஆறு மணியானா நாங்க எல்லாருமே எங்க இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டி உங்க ஸ்டேஷனைப் போட்டுருவோமுங்க, டெமெத்ரியோ ஐயா. கணவாய் ஏறிட்டா கெடைக்காது. வூட்டுல இருந்து சேதி ஏதாச்சும் வருமேன்னு.

— சேதி. அந்த வார்த்தையைச் சொல்லாத தம்பி, எனக்கு வயிறு எரியுது. ஆட்டைக் காணோம், அத்தை வருது, சனிக்கிழமை ஞானஸ்நானம், வர்றப்ப ரெண்டு கிலோ ஆணி வாங்கிட்டு வா. இதையெல்லாம் மூணு தடவை படிக்கணும். ஏன் மூணு தெரியுமா? மொத தடவை படிக்கறப்பதான் அவன் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவான். ரெண்டாவது தடவைக்குப் பொண்டாட்டியைக் கூப்பிடுவான். மூணாவது தடவைதான் காதுல வாங்குவான். பதினாறு வருசம் படிச்சேன். நாக்கு தேஞ்சு போச்சு.

— மூணு தடவைதானுங்களே வழக்கம்.

— வழக்கம் என்ன வானத்துல இருந்தா இறங்குச்சு? நாங்க போட்டதுதானே. அப்பறம் நம்ம சர்ச்சுல இருந்த வெள்ளைக்காரச் சாமியார் ஊருக்குப் போறப்ப நாலு பெட்டி ரெக்கார்டை இங்க விட்டுட்டுப் போனாரு. பல்கேரியா, மாலி, ஜாவா, பேரே வாயில நுழையாத ஊரெல்லாம். சும்மா ஒண்ணை எடுத்துப் போட்டேன் தம்பி. உள்ள என்னமோ ஒடைஞ்சு போச்சு. இத்தனை வருசம் ஆட்டைக் காணோம், ஆட்டைக் காணோம்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேனே, உலகம் எங்கியோ பாடிக்கிட்டு இருந்திருக்கு.

— ஆமாங்க. எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துது. கண்ணுல தண்ணி வந்துருச்சு.

— லாரிக்காரனுக்கு இப்படி ஒரு காதா? தப்பா எடுத்துக்காத. சந்தோசத்துல சொல்றேன். நீ எந்த நேரத்துல வந்திருக்கேன்னு உனக்குத் தெரியாது. வர்ற ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம். தாய்மார் சங்கத்துப் பொம்பளைங்க என் மேல மனு குடுத்திருக்காளுங்க. டெமெத்ரியோ கண்ட கண்ட சத்தத்தைப் போடறான், சேதி படிக்கறதில்ல, அவனை மைக்கை விட்டு எறக்குங்கன்னு. தலைவரும் தலையாட்டிட்டாரு. எறக்கிட்டா நான் செத்தேன் தம்பி. பொண்டாட்டி போயிச் சேந்து ஏழு வருசம் ஆச்சு. பையன் அர்ஜென்டினாவுல இருக்கான், திரும்பிப் பாக்கறதில்ல. இந்த ஒரு மணி நேரந்தான் நான் மனுசனா இருக்கற நேரம்.

— தெரியுதுங்க.

— ஒரே ஒரு ஆளு எந்திரிச்சு, நான் கேட்டேன், நல்லா இருந்துச்சுன்னு சொன்னாப் போதும். அவளுங்க வாயி அடைஞ்சு போகும். இத்தனை வருசத்துல பாட்டு நல்லா இருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டு அந்தப் படியேறி வந்த மொத ஆளு நீதான். ஞாயித்துக்கிழமை வருவியா?

— வர்றனுங்க. கேட்டதைக் கேட்டபடி சொல்றேன்.

— நீ நல்லா இருப்ப. இந்தா, அப்பி குடி. சூடா இருக்கு, கறுப்புச் சோளத்துல காய்ச்சினது.

— வேண்டாமுங்க. ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க நடுவுல ஒரு வார்த்தைகூடப் பேசலீங்களே.

— பேசுவேனா? ஒரு பக்கம் இருபத்தஞ்சு நிமிசம் ஓடுது. நடுவுல ஊசியைத் தூக்கறதுங்கறது, பூசை நடுவுல சாமியாரை நிறுத்தி நெருப்புப் பெட்டி கேக்கற மாதிரி. வெச்ச ஊசியை நான் தூக்க மாட்டேன். அது என் கொள்கை. கூட்டத்துல இதையும் சொல்லு.

— சொல்றேன். அன்னைக்குச் சேதிச் சீட்டு எதுவும் வரலீங்களா?

— ஏன் வரல? ஒம்பது இருந்துச்சு. இந்தக் கப்புக்கு அடியில வச்சிட்டேன். மறுநாள் காலையில படிச்சேன். வானம் இடிஞ்சா விழுந்துருச்சு?

— ஒம்பதையும் படிச்சீங்களா?

— எட்டோ ஒம்பதோ. யாரு எண்ணிக்கிட்டு இருந்தா? அட, அதை ஏன் கேக்கற, அன்னைக்கு ஒருத்தி வேற வந்து உசுரை எடுத்துட்டா. இதோ, இந்த ஜன்னல்ல. ஆத்துல எறங்கி நடந்து வந்திருக்கா போல, இடுப்பு வரைக்கும் ஈரம். சீட்டைக் குடுத்தமா, போனமான்னு இருக்க வேண்டாமா? அங்கியே நிக்கறா. பாட்டு ஓடிக்கிட்டிருக்கு, கண்ணாடியைத் தட்டறா. மைக்குல விழாதா தம்பி? நான் வாயில விரலை வச்சுக் காட்டறேன். அவ கையை வச்சு ஸ்டியரிங் சுத்தற மாதிரி காட்டறா, வயித்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டறா. ஊமைக் கூத்து மாதிரி.

— அப்பறம்?

— திரையை இழுத்து விட்டேன்.

— ம்.

— கொஞ்ச நேரம் தட்டிக்கிட்டு இருந்தா. அப்பறம் அந்தப் பெரிய வெண்கலத் தட்டு வந்துச்சு பாரு, பாட்டு முடியப் போற நேரத்துல, அடிவயித்துல எறங்கற மாதிரி. அதுல அவ சத்தமும் அமுங்கிப் போச்சு. என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?

— ஒண்ணுமில்லீங்க. ரோட்டுல வந்த களைப்பு. அந்தப் பெரிய தட்டு எனக்கு ஞாபகம் இருக்கு. ரெண்டு தடவை அடிச்சாங்க.

— ரெண்டு தடவை. கரெக்ட்டு. அட, உனக்கு எல்லாமே பதிஞ்சிருக்கு.

— பதிஞ்சிருக்குங்க. அது முடியற வரைக்கும் நான் சாவியத் திருப்பல. டீ ஆறிப் போச்சு. முன்னாடி நின்ன வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுக் கூப்பிட்டான், நீ போன்னு கைய ஆட்டினேன். முடிஞ்சதும் கொஞ்ச நேரம் பாத்தேன், சேதி ஏதும் வரல. சரி, வூட்டுல எல்லாம் சொகமா இருக்காங்கன்னு கணவாய் ஏறினேன். வழி முச்சூடும் என் வாயி அதையே முணுமுணுத்துக்கிட்டு வந்துது. மூணு நாள் கழிச்சுத்தான் திரும்பினேன்.

— வீட்டுல சொன்னியா? பொண்டாட்டிகிட்ட?

— சொல்ல அவ இல்லீங்க. போயிட்டா. புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

— கோவிச்சுக்கிட்டா? அட விடு. லாரிக்காரன் பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போறது ஒரு பெரிய விசயமா? நாலு நாள் போனா சோறு தண்ணி தேடித் தானா வருவா.

— ஐயா, நான் வந்ததே ஒரு காரியத்துக்குத்தான். அந்தப் பாட்டோட பேரு எனக்குத் தெரியணும். பேரு தெரியாம தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. சாப்பிடறப்ப ஓடுது. குழி தோண்டறப்ப ஓடுச்சு. நிக்க மாட்டேங்குது.

— அதுக்கென்ன, அன்னைக்கே எழுதி வச்சிருக்கேனே. பேப்பருக்கு இங்க பஞ்சம் தம்பி, பாட்டு ஓடறப்ப கைக்கு எது கெடைக்குதோ அதுல எழுதி ரெக்கார்டு அட்டைக்குள்ளயே சொருகி வச்சிருவேன். இரு. மாலி... பல்கேரியா... ஆங், இதான். இந்தா, வச்சுக்க. உன்கிட்டயே இருக்கட்டும்.

— எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்க படிங்க.

— மழைக்குக் காத்திருக்கும் அரண்மனை. ஜாவா. முதல் பக்கம். இருபத்தைந்து நிமிடம். பேரே எப்படி இருக்கு பாத்தியா?

— நல்லா இருக்குங்க. பின்னாடியும் மை தெரியுதே.

— இருக்கும். ஏதோ பழைய சீட்டு.

— அதையும் படிங்க.

— அது எதுக்குத் தம்பி, மணி ஆறாகப் போகுது, நான் ரெக்கார்டு எடுத்து வைக்கணும்.

— படிங்க ஐயா. இன்னும் ஒரு நிமிசம் இருக்கு.

— சரி, சரி. யூராக்மாயு ஊர் லாரிக்காரர் நிக்கானோருக்கு. மச்சான், கணவாய் ஏற வேண்டாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு உடனே ஊருக்கு வரவும். அக்கா செவெரினாவுக்கு நேற்றிலிருந்து வலி. குழந்தை குறுக்கே நிற்கிறது. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ரெண்டு பேரும் பிழைப்பார்கள் என்று மருத்துவச்சி சொல்கிறாள். நீங்கள் பாலத்தில் நிற்பீர்கள் என்று தெரியும். ரேடியோவைக் கேட்டுக்கொண்டே... தம்பி.

— முடிங்க.

— ரேடியோவைக் கேட்டுக்கொண்டே இருக்கவும். இப்படிக்கு பாசிலியா. தம்பி, உன் பேரு...

— வந்து அரை மணி நேரம் ஆச்சுங்க. இப்பத்தான் கேக்கறீங்க.

— நான் படிச்சுப் பாக்கல. சத்தியமாப் படிச்சுப் பாக்கல தம்பி. தெரிஞ்சிருந்தா ஊசியைத் தூக்கியிருப்பேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீ... இதை...

— ஞாயித்துக்கிழமை பொறவு வரட்டுமுங்க. ஆறு மணி ஆயிருச்சு, எல்லா லாரியும் ஓரங்கட்டி நிக்கும். மைக்கைப் போடுங்க. ஒரு தடவைதான் படிச்சிருக்கீங்க, இன்னும் ரெண்டு தடவை இருக்கு.