ரூஷாவுக்கு ஓர் ஆயில் கூலர்

எண்ணெய்க்கும் கொஞ்சம் சூடு வேண்டும், இன்ஸ்பெக்டரம்மா. இது பலருக்குத் தெரிவதில்லை. நூறு, நூற்றுப்பத்து டிகிரியில் எஞ்ஜின் எண்ணெய் சுகமாக ஓடும். ஆறிப்போனால் கூழாகி முரண்டு பிடிக்கும். நூற்று நாற்பதைத் தாண்டினால் தண்ணீராய் இளகிவிடும். அப்புறம் இரும்பை இரும்பே தின்னும். ஆகவே ஆயில் கூலர் வாங்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது நிதானம். எனக்கு அது உண்டு. நீங்கள் கொடுத்த காப்பியைக்கூட ஆறவிட்டுத்தான் குடிக்கிறேன், பாருங்கள்.

சிவப்பாக இருப்பதால் காருக்கு ரூஷா என்று ரோஜாவின் பெயரை வைத்தவள் என் மனைவி நேவியா. பழைய கார்தான், ஆனால் டர்போ. மிதித்தால் முதுகில் யாரோ தள்ளுவதுபோல் பாயும். ரியேகா நகரத்துக்கு மேலே உள்ள பந்தயத்தளத்தில் ரூஷாவை ஓட்டும்போது நான் வாய்விட்டுப் பாடுவேன். நாற்பத்தாறு வயது ஆள், ஹெல்மெட்டுக்குள் பாடுகிறேன். சிரிப்பதானால் சிரியுங்கள், நானே சிரிப்பேன்.

ஒரே குறை. டர்போ, எண்ணெயைக் கொதிக்க வைத்துவிடும். மூன்றாவது சுற்றிலேயே ஊசி எகிறும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்வலம்போல் உருட்ட வேண்டும். போன வருடம் சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்ன கூலர் ஒன்றை வைத்துப் பார்த்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் கூலர் பேச்சுதான். என் மச்சான் பர்த்தோல், நேவியாவின் அண்ணன், ஒவ்வொரு மாலையும் வந்து உட்கார்ந்துகொள்வான். அவனும் நானும் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புச் சங்கத்தில் இருக்கிறோம். லாரி ஓட்டுகிறவன் அவன், அதைப் பழுது பார்க்கிறவன் நான். கூலரின் அளவைக் குழாய் வரிசைகளை எண்ணித்தான் சொல்வோம். அதில் அவன் கட்சி, பெரியதே நல்லது.

"முப்பத்தி நாலு வரிசை வாங்குடா மாப்ள. தட்டு நெறைய இறைச்சி வச்சா யாராவது வேணாம்பாங்களா?"

"அது சோத்துத் தட்டு இல்ல மச்சான். அவ்ளோ பெரிசுன்னா எண்ணெய் சூடே ஏறாது, அழுத்தமும் போயிடும். பத்தொம்பது வரிசை, நடுவுல ஒரு தெர்மோஸ்டாட், ரேடியேட்டருக்கு முன்னால. அவ்ளோதான்."

"கஞ்சன். கூலர்லகூட கஞ்சத்தனம். என் தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜ் கதவு கயித்துல தொங்குது, இவன் காருக்குக் குளுகுளு வசதி பண்றான்."

நேவியா விழுந்து விழுந்து சிரிப்பாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நான் சொல்ல, அளவு பார்த்தே நீ கிழவனாவாய் என்று அவன் சொல்ல, எலுமிச்சை போட்ட ராக்கியாச் சாராயம் தீர்ந்துவிடும். நல்ல கோடை அது.

நான் பத்தொன்பது வரிசைக்கே இத்தாலியில் சொல்லி வைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். ஆகஸ்ட் நடுவில் இத்தாலிக்காரன் கடையைப் பூட்டிக்கொண்டு கடலில் கிடப்பான் என்பது இந்தக் கரையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் மறந்துவிட்டேன். சந்தோஷத்தில் தலைகால் புரியாதவனுக்குக் காலண்டர் எங்கே கண்ணில் படும். கேட்டதற்கு, எல்லாரும் விடுமுறை முடிந்து வந்த பிறகுதான் பார்சல் கிளம்பும் என்றார்கள். இந்த வருடத்தின் கடைசிப் பந்தயமோ ஞாயிற்றுக்கிழமை, மாதா திருநாளன்று.

வெள்ளிக்கிழமை மதியம் தீயணைப்பு லாரிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் லாரியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதாவது, மிச்சத்தைப் பார்த்திருக்கிறீர்கள். வேடிக்கையான வண்டி அது. வயிறு நிறையத் தண்ணீர் சுமக்கும், ஆனால் அதன் எஞ்ஜினுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காற்றும் எண்ணெயும்தான் அதைக் குளிர்விக்க வேண்டும். அதனால் முகப்புக் கம்பிகளுக்குப் பின்னால் அருமையான அலுமினியக் கூலர் ஒன்று நிற்கும். இருபது வருடமாகத் துடைத்து வைத்த பொருள், அன்றைக்குத்தான் அதை அளந்து பார்த்தேன்.

அம்மா, ரூஷாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. அதே அகலம், அதே உயரம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு நாளைக்கு இரவல். திங்கட்கிழமை காலையில் பழையபடி மாட்டிவிடலாம். கூலர் இருந்த இடத்தில் இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று இணைத்தேன், ஒரு சொட்டு ஒழுகவில்லை. லாரியை ஊருக்குள் ஓட்டிப் பார்த்தேன், ஊசி அசையவில்லை. சனிக்கிழமை திருநாளுக்காக பர்த்தோலே லாரியைக் கழுவிப் பூ கட்டினான், அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தட்டையான சாலையில் அது தாங்கும். நீண்ட ஏற்றத்தில் தாங்காது. ஆனால் போன கோடையில் எங்கள் பக்கம் ஒரு தீகூட இல்லை, நியாயமாக யோசித்தால் பயப்பட ஒன்றுமில்லை. நான் நியாயமாகத்தான் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்ன சொல்ல. காற்று மலையிலிருந்து வீசிக்கொண்டிருந்தது, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மூன்றாவது சுற்று, நான்காவது, ஐந்தாவது. ஊசி நூற்றெட்டில் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். ஒவ்வொரு வளைவிலும் ரூஷா இன்னும் கொடு, இன்னும் கொடு என்றாள். என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காரியம் நான் கணக்குப் போட்டபடியே நடந்தது. எனக்குக் கால் தரையில் படவில்லை. கடைசி ஓட்டத்துக்குக் காத்திருந்தபோது முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. பர்த்தோல்.

"மாப்ள, மேட்டுல தீ. தோன்கா அத்த வீட்டுப் பக்கம். நான் லாரிய எடுத்துட்டுக் கெளம்பிட்டேன், மத்தவனுங்க மாதா பவனில இருந்து ஜீப்புல வர்றானுங்க. இங்க ஆயில் லைட்டு எரியுதுடா. நிறுத்தட்டா, ஏத்தட்டா?"

"எங்க இருக்க?"

"சுண்ணாம்புச் சூளை வளைவு. செங்குத்தா ஏறணும் இனிமே."

ஓட்டங்களைத் தொடங்கிவைப்பவர் கொடியைக் கையில் எடுத்திருந்தார். நான் நிதானமாகப் பேசினேன்.

"அது சென்சார்டா மச்சான். போன வாரமே பார்த்தேன், பொய் சொல்லுது. நீ ஏத்து."

"நீ சொன்னா சரி. ஆமா, ரூஷா எப்படி?"

"நூத்திப் பத்தத் தாண்டல."

"அடப்பாவி. இத்தாலிக்காரன் அனுப்பிட்டானா?"

"அனுப்பிட்டான்."

"பத்தொம்பது வரிசையே போதும்னு சொன்ன, ஜெயிச்சிட்டடா. ஒத்துக்கறேன், நான்தான் மடையன். கலக்கு மாப்ள."

அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

தளத்தின் பின்பக்க நேர்பாதையிலிருந்து எங்கள் மலை தெரியும். அங்கே புகை எழுந்தது. திருநாளுக்கு ஆட்டுக்கறி வாட்டுகிற புகை என்று நினைத்ததாக நேற்று உங்கள் உதவியாளரிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். கறிப்புகை வெள்ளையாக, சோம்பலாக எழும். அது பழுப்பாகச் சாய்ந்து ஓடியது. இருபது வருடமாகத் தீயணைக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாதா. எல்லாச் சுற்றிலும் பார்த்தேன். என் பிரிவில் முதலாவதாக வந்தேன்.

தோன்கா அத்தை ஆட்டுத்தடத்தில் தானாகவே இறங்கி வந்துவிட்டார், இரண்டு ஆடுகளோடு. நல்ல தைரியசாலி. லாரி அவர் வீட்டுக்குக் கீழே, கடைசி ஏற்றத்தில் எஞ்ஜின் இறுகி நின்றுவிட்டது. இறங்கி வா என்று அவர் கூப்பிட்டிருக்கிறார். பர்த்தோல் இறங்கவில்லையாம். "சென்சார்தான் அத்த, மாப்ள சொல்லிட்டான். அஞ்சு நிமிஷம் ஆறட்டும், எடுத்துடுவேன்" என்று மறுபடியும் மறுபடியும் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தானாம். ஜீப்பில் வந்தவர்களால் நெருங்க முடியவில்லை. அவன் எப்போதுமே கொஞ்சம் பிடிவாதக்காரன்.

அலுமினியம் தீயில் உருகி ஓடிவிடும். முகப்பில் கூலர் இல்லை என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அடக்கத்தில் பெட்டியின் முன்பக்கத்தை நான்தான் சுமந்தேன். நேவியா என் தோளில் சாய்ந்து, கடைசியாக அண்ணன் என்ன சொன்னான் என்று கேட்டாள். கலக்கு என்றான் என்றேன். பொய் இல்லை.

புதன்கிழமை பார்சல் வந்தது. இத்தாலிக்காரர்கள் கடலை விட்டு எழுந்துவிட்டார்கள். நான் கடைக்குப் போயிருந்தேன், நேவியாதான் வாங்கிப் பிரித்திருக்கிறாள். கோடை முழுக்கக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கூலர் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். வரிசையை எண்ணினாளாம். பிறகு போய் ரூஷாவின் பானெட்டைத் திறந்து, அங்கே லாரியின் கூலரைப் பார்த்திருக்கிறாள். நான் திரும்பியபோது வீட்டில் நீங்கள் இருந்தீர்கள், அவள் இல்லை.

நிறுத்தச் சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று மூன்றுமுறை கேட்டுவிட்டீர்கள். பிழைத்திருப்பான். வளைவில் நிறுத்தி, நடந்தே இறங்கியிருப்பான். ஆனால் நிறுத்து என்றால் ஏன் என்பான். ஏன் என்று சொன்னால் அவன் மனம் நோகும், எனக்குக் கவனம் சிதறும், கொடியோ அசையப்போகிறது. மூன்றையும் எடை போட்டேன். ஏத்து என்றேன். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. அந்தப் பார்சலைச் சங்கத்தில் சேர்த்துவிடுங்கள், புது லாரி வாங்கும்போது மாட்டிக்கொள்ளட்டும். இரவல் வாங்கியதைத் திருப்பித் தராதவன் என்று நேவியா என்னை நினைத்துவிடக் கூடாது.