இரண்டு ஹென்ஸ்லி கொட்டகைகள்

போலீஸ், தீயணைப்பு ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்கும் கை ஸ்கேனர் வாங்கப் போனால் எல்லோரும் முதலில் ஆன்டெனாவைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது ஸ்பீக்கரை. இதை எனக்குச் சொன்னவன் டூயி பிரூயிட்.

"ஏம்ப்பா ஆர்லன், உன் காதுக்கு இந்தச் சின்னது கொசு மாதிரிதான் கேக்கும். பெரிசா பாரு. ரெக்கார்டு பண்றதா பாரு. நீ கக்கூஸ்ல இருக்கறப்ப ஊரே எரிஞ்சாலும் அப்புறமா கேட்டுக்கலாம்" என்றான். காலை உணவுக் கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான். டூயி முப்பது வருஷம் எங்கள் தீயணைப்பு வண்டியில் சம்பளமில்லாமல் ஓடியவன், அவன் பேச்சை நம்பலாம்.

என் பழைய ஸ்கேனர் கெட்டுப்போகவில்லை, சார். எங்கள் கவுன்டியில், அதாவது மாவட்டத்தில், தீயணைப்பு ரேடியோவை எல்லாம் டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அதில் வெறும் இரைச்சல். மூன்று மாதம் கோரினின் குரல் இல்லை. கோரின் என் மகள். அவசர அழைப்பு அறையில் பகல் வேலை. யார் கூப்பிட்டாலும் ஃபோனை எடுப்பவள் அவள்தான், ரேடியோவில் வண்டியை அனுப்புபவளும் அவள்தான். அவள் அம்மா செத்துக்கொண்டிருந்த அன்று நான் மீன் பிடிக்கப் போயிருந்தேன். அடக்கம் முடிந்ததும், "இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதீங்கப்பா. எந்த நம்பர்லயும் வேண்டாம். சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். நான்கு வருஷமாகிறது.

புது ஸ்கேனரில் அவள் குரல் வந்த அன்று அழுதேன். சொல்ல வெட்கமில்லை. ஆனால் நம் கவுன்டியில் என்ன நடக்கிறது? மாடு ரோட்டுக்கு வந்துவிட்டது, யாரோ சாவியைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்திவிடுவாள். தீப்பிடித்தால்தான் ஒரு மணி நேரம் பேசுவாள். ஜூலையில் ஒரு மக்காச்சோளக் கொட்டகை, ஆகஸ்டில் ஆளில்லாத ஒரு வீடு. இரண்டும் நான் வைத்ததுதான். யாருக்கும் ஒரு கொப்புளம்கூட வரவில்லை, பார்த்துத்தான் செய்தேன்.

செப்டம்பரில் ஹென்ஸ்லி புகையிலைக் கொட்டகை. டூயி போன வருஷம் வாங்கியது. அன்று லெக்சிங்டனுக்கு டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருந்தான். மதியம், நல்ல வெயில். வைத்துவிட்டு என் வண்டிக்கு நடக்கும்போது கொட்டகைக்குப் பின்னால் அவனுடைய சிவப்பு டிரக்கைப் பார்த்தேன். சாப்பிட்டதும் காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே கட்டிலில் தூங்குவான். ஓடிப்போய் எழுப்பியிருக்கலாம். அதற்குள் ஸ்கேனரில் கோரின் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஹென்ஸ்லி கொட்டகையில் புகை என்று உள்ளூர்க்காரர் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் கொட்டகை யார் கைக்கு மாறினாலும் கட்டியவன் பேர்தான் நிற்கும். ஹென்ஸ்லிகள் கட்டியது இரண்டு: ஒன்று ஓடைக்கரையில், டூயி வாங்கியது மேட்டு ரோட்டில். அவள் வண்டியை ஓடைக்கரைக்கு அனுப்பினாள்.

"இங்க புகையே இல்லம்மா" என்றார்கள் வண்டியிலிருந்து.

"நல்லா பாருங்க. ஹென்ஸ்லின்னுதான் சொன்னாங்க."

"ஒரு கோழிகூட இல்ல. எந்த ஹென்ஸ்லி?"

"இருங்க, பாக்கறேன். ஐயோ, உள்ள யாராவது இருந்தா... தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்."

அவள் குரல் நடுங்கியது. சின்ன வயதில் இடி இடித்தால் இப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள். பதினோரு நிமிடம். டூயி சொன்னது சரி, பெரிய ஸ்பீக்கரில் அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. எல்லாம் பதிவாகியிருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மடியில் ஃபோன் இருந்ததே, 'மேட்டு ரோடு' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் டூயி பிழைத்திருப்பானே என்கிறீர்கள். பிழைத்திருப்பான். எனக்கும் வருத்தம்தான், எனக்கிருந்த ஒரே நண்பன். ஆனால் அவசர அழைப்பு ஃபோனை எடுப்பவள் கோரின்.

பண்ண மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், சார். பெற்ற மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிற அப்பன் இல்லை நான். அதை மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.