கடைசி ரத்தத்தில் நிற்பவன்

மாலை ஆறு மணி. நவம்பர் மாதம். ஃப்ரீயர் ஊரிலிருந்து மேற்கே போகிற சாலையை விட்டு இறங்கினால் ராட்லிஃப் அம்மாளின் பண்ணை. உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு மண் பாதை ஒன்று போகும்... இரண்டு பக்கமும் கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும்தான். ஆள் கிடையாது. ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. எங்கேயோ ஒரு காற்றாலை கிறீச்... கிறீச் என்று சுற்றிக்கொண்டிருக்கும்.

நெருங்கி உட்காருங்கள். இனிமேல் விறகு போட வேண்டாம், இருக்கிற தீ போதும். இது எனக்கு நடந்ததில்லை. என் கூட்டாளி ரேமுண்டோவின் சித்தப்பா மகள் டெல்ஃபினா, அவள் புருஷன் எலிசியோவுக்கு நடந்தது. அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் சுட்ட மான்களெல்லாம் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கும்.

அன்றைக்குப் பரணில் தனியாக உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் போகிற நேரம். மானுக்குத் தீனி போட வைத்திருந்த பீப்பாய் சுழன்று சோளத்தைத் தூவியது. கொம்பு மான் ஒன்று வெளியே வந்தது... கொம்பில் பத்துக் கிளை. இவன் அவசரப்பட்டுவிட்டான். சுட்டான். சத்தத்திலேயே தெரிந்துவிட்டது அவனுக்கு. நெஞ்சில் பட்டால் பலகையில் அடித்த மாதிரி கேட்கும். இது ஈரச் சாக்கில் அடித்த மாதிரி இருந்தது. வயிறு. மான் முதுகை வளைத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

வாக்கி டாக்கியை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டான். நோர்பெர்ட்டோ, டெல்ஃபினாவின் தம்பி, அடுத்த பரணில் இருந்தான். அம்மா செத்த பிறகு டெல்ஃபினா தூக்கி வளர்த்த பிள்ளை அவன். அந்த வருஷம் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்து அக்காள் வீட்டிலேயே இருந்தான். வேட்டைக்கு அனுப்பவே மாட்டேன் என்றுதான் நின்றாள் டெல்ஃபினா. கடைசியில் வாசல் வரைக்கும் வந்து புருஷனிடம், "அவனுக்கு ஒண்ணு ஆச்சு, நீ இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றாள். எலிசியோ சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராட்லிஃப் அம்மாள் வேட்டைக் குத்தகை கொடுக்கும்போதே ஒரு நிபந்தனை போடுவாள். "இருட்டினப்புறம் என் நெலத்துல வெளக்க வச்சு யாரும் ரத்தம் தேடக் கூடாது. விழுந்தா எடுத்துக்கங்க. விழலன்னா நரிக்கு விட்டுருங்க." ஏன் என்று சொல்ல மாட்டாள். யாராவது விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கேஸ் போடுவார்கள் என்ற பயம், கஞ்சக் கிழவி, என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குண்டு பட்ட மானை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவன் வேட்டைக்காரனா? எலிசியோவால் முடியாது. நம்மில் யாராலும் முடியாது.

நோர்பெர்ட்டோ டார்ச்சை ஆட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"என்ன மச்சான், மானச் சுட்டீங்களா, அது மத்தியானம் தின்ன சாப்பாட்டச் சுட்டீங்களா?"

"வாய மூடிட்டு வெளிச்சத்தக் காட்டு மாப்ள."

"கெழவி பாத்தா குத்தகையக் கிழிச்சுருவா."

"அவ வீடு எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? அவ மூக்குக் கண்ணாடியத் தேடி எடுக்கறதுக்குள்ள மானத் தூக்கி வண்டியில போட்டுருவோம்."

இருட்டில் ரத்தம் தேடுகிற முறை உங்களுக்கே தெரியும். கடைசியாகக் கண்ட சொட்டு இருக்கிற இடத்தில் ஒருவன் விளக்கோடு நிற்க வேண்டும். அசையவே கூடாது. மற்றவன் குனிந்து முன்னால் போவான். அடுத்த சொட்டு கிடைத்ததும் "வா" என்று குரல் கொடுப்பான். அதற்கப்புறம்தான் நிற்கிறவன் நகர வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து நகர்ந்தால் தடம் போச்சு. நோர்பெர்ட்டோ இதில் சாமி கும்பிடுகிற மாதிரி. கூப்பிடாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான்.

அவன் நின்றான். எலிசியோ முன்னால் போனான். இலையில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் புண் கழுவுகிற மருந்தை அதன்மேல் தெளிப்பான். ரத்தமாக இருந்தால் சுர்ர்... என்று நுரைக்கும். புளித்த புல் வாடை அடித்தது. மானின் வயிறு கிழிந்த வாடை அது.

"இங்க இருக்கு! வா!"

வெளிச்சம் வந்தது. "நடக்கத்தான் சொன்னாரு டாக்டரு. முள்ளுல நடக்கச் சொல்லல மச்சான்."

மறுபடி தேடினான். சுர்ர். "வா!" மறுபடி வெளிச்சம் வந்தது. அங்கே ஒரு காய்ந்த ஓடை குறுக்கே கிடந்தது. நோர்பெர்ட்டோ ஓடைக்கரையில் நின்றுகொண்டான். எலிசியோ இறங்கி, அந்தப் பக்கம் ஏறினான். அங்கே புதர் அடர்த்தி. தேடித் தேடி... ஒரு கள்ளி மடலில் சொட்டு கிடைத்தது.

"வா!"

பின்னால் வெளிச்சம் வந்து நின்றது. பேச்சில்லை. ஏறி வந்ததில் மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. ரத்தம் தேடுகிறவன் தரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். இன்னும் கொஞ்சம் போனான். "வா." வெளிச்சம் வந்தது. இன்னும் போனான். "வா." வந்தது. அவன் கையில் விழுந்த அந்த வெளிச்சம் மஞ்சளாக இருந்தது.

"பேட்டரிய மாத்து மாப்ள."

பதில் இல்லை.

"நெஞ்சு வலிக்குதாடா? ஏதாவது பண்ணுதா?"

பதில் இல்லை. வெளிச்சம் மட்டும் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது... தலையாட்டுகிற மாதிரி. அப்போதுதான் அந்த வாடை வந்தது. மண்ணெண்ணெய். திரி எரிகிற வாடை.

இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"மச்சான்... கெடைச்சுதா இல்லையா? எவ்வளவு நேரந்தான் ஓடைக்கரையிலயே நிக்கிறது? காலு மரத்துப் போச்சு. நீங்க கூப்பிடவே இல்லையே."

எலிசியோ குனிந்தபடியே இருந்தான். நிமிரவில்லை. அவன் பின்னால் கூப்பிடு தூரத்தில் அந்த மஞ்சள் வெளிச்சம் பொறுமையாக நின்றது. அடுத்த சொட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அவன் இதுவரை கூப்பிட்டதெல்லாம் அதைத்தான்.

இப்போது அவன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மச்சினனை வரச் சொல்ல முடியாது. "வா" என்று சொன்னால் எது வரும்? வாக்கி டாக்கியை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "அசையாத மாப்ள. யாரு கூப்பிட்டாலும் வராத. நான் வர்றேன்" என்றான். தன் டார்ச்சை அணைத்தான். பக்கவாட்டில், முள்ளுக்குள்ளே, கையும் காலும் கிழிய ஒரு வளைசல் போட்டு ஓடைப் பக்கம் நடந்தான். கன்னி மரியே, கன்னி மரியே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் துணிந்து திரும்பிப் பார்த்தான்.

மஞ்சள் வெளிச்சத்தைக் காணோம். முன்னால், ஓடைக்கரையில் ஒரே ஒரு வெளிச்சம். வெள்ளை வெளிச்சம்.

ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான். நோர்பெர்ட்டோதான். அதே கம்பளிச் சட்டை, அதே தொப்பி. நெஞ்சுக்குத் தடவுகிற தைலத்தின் வாடை. எலிசியோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே மச்சான்" என்றான் அவன்.

"நட. வண்டிக்கு நட."

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தான். "உன் வாக்கி டாக்கி எங்க?"

"எங்கயோ விழுந்துருச்சு, அவசரத்துல."

"என்ன அவசரம்? நீ நின்ன எடத்துலதான நின்னே?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். எலிசியோவும் மேலே கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விடுகிற மனுஷர்கள்தானே நாம் எல்லோரும்.

சாலையோரம் பண்ணையின் இரும்புக் கதவு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன்தான் இறங்கிக் கதவைத் திறக்க வேண்டும், இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். நோர்பெர்ட்டோ உட்கார்ந்தே இருந்தான்.

"எறங்குங்க தொரை. கதவு தானா தெறக்காது."

சொன்னதும் இறங்கினான். சங்கிலியை அவிழ்த்துக் கதவைத் திறந்தான். எலிசியோ வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் கதவு மூடுகிற சத்தம்... சங்கிலி மாட்டுகிற சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணாடியில் பார்த்தான். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் நோர்பெர்ட்டோ கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தான். மூடிவிட்டு உள்ளேயே நின்றுவிட்டான்.

எலிசியோ கண்ணாடியை இறக்கினான். "என்னடா பண்றே?"

"கூப்பிடுங்க மச்சான். குளிருது."

அதே நேரத்தில் மடியில் கிடந்த வாக்கி டாக்கி கரகரத்தது.

"மச்சான், வண்டிச் சத்தம் கேக்குது... எங்க போறீங்க? நீங்க சொன்ன மாதிரி அசையாமத்தான் நிக்கிறேன். கூப்பிடுங்க மச்சான். குளிருது."

எலிசியோ வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான். பொத்தானை அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியேயும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டான். "எங்க கல்யாணத்தன்னிக்கு நீ என்ன பண்ணே? சொல்லு." பொத்தானை விட்டான்.

"மோதிரத்தத் தொலைச்சேன். கோழிக் கூண்டுல கெடைச்சுது. அக்காகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல."

கதவிலிருந்தும் வாக்கி டாக்கியிலிருந்தும், ஒரே மூச்சில், ஒரே குரலில். இரண்டு பேரும் முடித்துவிட்டு லேசாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பும் ஒன்றுதான்.

ஒருவனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியும். திரும்பி உள்ளே போய்ப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். இங்கே தீயைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அவனுக்கு ஒரு முகம் கண்ணுக்குத் தெரிந்தது. மச்சினன் முகம். இன்னொன்று வெறும் குரல். முகத்தைப் பார்த்தான்.

"வா" என்றான்.

கதவில் நின்றவன் உடனே ஏறிக் குதித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். வாக்கி டாக்கியும் பேசியது. "வா" என்றபோது எலிசியோவின் கட்டை விரல் தன்னையறியாமல் பொத்தானை அழுத்தியிருக்கிறது, சொன்னது அங்கேயும் கேட்டிருக்கிறது.

"வர்றேன் மச்சான்... எந்தப் பக்கம்? உங்க வெளிச்சம் தெரியலையே..."

வண்டியைக் கிளப்பினான். குரல் விட்டு விட்டு வந்தது... "தெரியலையே மச்சான்"... ஃப்ரீயர் விளக்குகள் தெரிகிற வரைக்கும் வந்தது. பக்கத்தில் இருந்தவன் சீட்டில் சாய்ந்து நன்றாகத் தூங்கிவிட்டான்.

மறுநாள் காலையில் எலிசியோ ராட்லிஃப் அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கோபப்படவில்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"எத்தனை பேருப்பா போனீங்க?"

"ரெண்டு பேரு."

"எத்தனை பேரு வெளிய வந்தீங்க?"

"ரெண்டு பேரு."

"அப்ப நான் யாரப் போய்த் தேடறது?"

அன்றைக்கே குத்தகையை முடித்து, கதவுக்குப் பூட்டையும் மாற்றிவிட்டாள். ஷெரிஃபிடம் போனாலும் இதே கேள்விதான் வரும். வீட்டில் உட்கார்ந்து சோளமாவில் அவித்த தமாலே தின்றுகொண்டிருக்கிறவனை எந்த ஷெரிஃப் காட்டில் தேடுவான்? டெல்ஃபினாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எந்தம்பி பழைய ஆளா திரும்பிட்டான். வேட்டைக்கு அனுப்பினதுதான் நல்லதாப் போச்சு" என்று தெருவெல்லாம் சொல்கிறாள்.

எலிசியோ இளைத்துப் போய்விட்டான். வியாழக்கிழமை தோறும், கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு அந்தப் பண்ணை வேலியோரம் வண்டியை நிறுத்துகிறான். காட்டுக்குள் நிற்கிற அந்த இன்னொரு வாக்கி டாக்கியின் பேட்டரி ஒரு நாளைக்கு மேல் தாங்காது. இது இரண்டாவது வேட்டைக் காலம். ஆனாலும் கரகரக்கிறது. நிற்கிறேன் என்கிறது, குளிருகிறது என்கிறது, வெளிச்சத்தைக் காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறது. இவன் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போட மாட்டான். வெளிச்சம் போட்டு, அது வேலியைத் தாண்டி வந்து நின்றால், வீட்டில் இருக்கிறவனை என்ன செய்வது? அழுதுவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். இது வேறு யாருக்கும் தெரியாது, ரேமுண்டோவிடம் மட்டும்தான் சொன்னான்.

போன வியாழக்கிழமையும் அப்படித்தான் திரும்பி வந்தான். டெல்ஃபினா அடுப்படியில் எதையோ வறுத்துக்கொண்டிருந்தாள். நோர்பெர்ட்டோ மேசையில் உட்கார்ந்து கறி நறுக்கிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. அக்காள் காதில் விழாத குரலில், நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டான்:

"இன்னிக்கு என்ன சொன்னான்?"