ஈரத் தரை

என் அக்கா தரை துடைத்தால் அதில் முகம் பார்க்கலாம். கடைக்குள் நுழைந்ததும் அவள் முதலில் தேடுவது வாளியைத்தான். அத்தான் அதற்காக அவளைக் கேலி செய்வார். "இங்க பந்துதான் உருளணும், ஆளு உருளக் கூடாது" என்பார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அத்தான் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை சார். பழைய பின்பால் மெஷின்களை வாங்கி வரிசையாகப் போட்டுக் கடை நடத்தினார். கண்ணாடிக்குக் கீழே இரும்புப் பந்து ஓடி மணியடிக்குமே, அதுதான். பழுது பார்ப்பது என் வேலை. அக்காவுக்கு அவரை அறிமுகம் செய்து வைத்ததும் நான்தான். அந்த வகையில் தப்பு என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா இளைத்துவிட்டாள். விடிந்தால் கடை, பொழுதடைந்தால் வீடு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் முதலில் அவருக்குத்தான் பரிமாறுவாள். நான் ஸ்குரூடிரைவரும் கையுமாக நிற்பேன். அதெல்லாம் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. அவள் படும் பாட்டைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்தக் காலத்து மெஷின்களுக்கு எர்த் கிடையாது, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் வயர். உள்ளே வயர் தோல் உரிந்து இரும்பைத் தொட்டுவிட்டால் வெளித் தகடு முழுக்கக் கரண்ட் நிற்கும். வாசல் பக்கத்து மெஷின் அப்படி ஆகியிருந்தது. தொட்டால் சுருக்கென்று கடிக்கும். கரண்ட் மண்ணுக்குப் போக வழி கிடைக்காதவரை அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. "நீ வளர்க்குற நாய் கடிக்குது மச்சான்" என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார். வலது கையால் பந்தைத் தள்ளும் இரும்புக் கம்பியை இழுத்துவிடும்போது இடது கையைப் பக்கத்து மெஷின்மேல் ஊன்றிக்கொள்வது அவர் பழக்கம்.

அன்று அதற்கும் பக்கத்து மெஷினுக்கும் எர்த் கொடுக்கத்தான் போனேன். கடிக்காத மெஷினில் ஆரம்பித்தேன். தகட்டைச் சுரண்டி, வயரைத் திருகி, இழுத்தும் பார்த்தேன். வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் அத்தான் பாதி சாப்பிட்டிருந்தார். அவருக்குப் போட்டது போக மிச்சத்தை எனக்கு வைத்தாள். இரண்டாவது வயர் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"முடிஞ்சுதா மச்சான்? இனிமே கடிக்காதுல்ல?" என்று கேட்டார்.

"கடிக்காது அத்தான். ஆடிப் பாருங்க."

அக்கா அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தாள். அவர் வாசல் மெஷினின் கம்பியை இழுத்தார், இடது கையைப் பக்கத்து மெஷின்மேல் ஊன்றினார். ஒரு பக்கம் கரண்ட், மறுபக்கம் நான் போட்டுக்கொடுத்த வழி, நடுவில் அவர். நான் நினைத்ததைவிடச் சத்தமில்லாமல் இருந்தது. பந்து மட்டும் இங்கும் அங்கும் இடித்து மணியடித்துவிட்டுக் குழியில் விழுந்தது. மணி நின்ற பிறகு மெயினை அணைத்தேன். அக்காவை எதிரில் இருக்கும் டாக்டரிடம் ஓடச் சொன்னேன். அத்தானுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. உரிந்த வயருக்கு டேப் சுற்றி, இரண்டாவது எர்த்தை மாட்டினேன்.

அதனால்தான் சோதிக்க வந்தவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. எங்கோ கசிந்த கரண்ட், ஈரத்தில் நின்றதால் பிடித்துக்கொண்டது என்று முடித்துவிட்டார்கள். அத்தான் காலில் ரப்பர் செருப்பு இருந்தது சார். தரை குளமாக இருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. "விடுக்கா, தெரியாமப் பண்ணினதுதானே" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்போது அவள் தரை துடைப்பதே இல்லை. வீடு முழுக்கத் தூசி. அதில் அவள் வெறுங்காலோடு நடந்த தடம் தெரியும். சில நாள் காலையில் பக்கத்திலேயே ரப்பர் செருப்புத் தடமும் தெரிகிறது. எங்கள் வீட்டில் ரப்பர் செருப்பு கிடையாது. அவள் தட்டில் கரண்டி வைக்கும்போதெல்லாம் அந்த மணி கேட்கிறது. குழாயைத் தொட்டாலும் கதவைத் தொட்டாலும் என் இடது கை சுருக்கென்கிறது. டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனாலும் இப்போது அவள் முதலில் பரிமாறுவது எனக்குத்தான்.

நேற்று அவள் உங்களிடம் வந்து, தான்தான் புருஷனைக் கொன்றதாக எழுதிக்கொள்ளச் சொன்னாளாமே. அதனால்தான் வந்தேன். அவளை உள்ளே வைத்துவிட்டால் வீட்டில் யார் இருப்பார்கள்? கொன்றது நான். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அவளிடம் இதைச் சொல்லும்போது, தரை ஈரமாக இருந்ததும் ஒரு காரணம்தான் என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தன்மேல் தப்பே இல்லை என்று தெரிந்துவிட்டால், நான் திரும்பி வரும்போது அவள் வீட்டில் இருக்க மாட்டாள்.