கங்கம்மாவின் திராட்சைக்குத் தண்ணீர் வேண்டாம்

தலைமை தாங்கும் தகைமையாளரே, தண்ணீரைத் தடையின்றித் தரும் தயாளரே, ஆதிகேசவ நைனா அவர்களே! ஊத்துக்கோட்டைச் சந்தையை ஒத்திவைத்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! பொங்கல் பானையை இறக்கிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிவந்த தாய்மார்களே! எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட மாரியப்பன் உங்களை வணங்குகிறேன்.

(“சுருக்கா முடிடா, டிராமா கீது!”)

தெரியும்ண்ணே, குந்து.

நம்மூரில் இருப்பது ஒரே திராட்சைத் தோட்டம், கங்கம்மாக்காவுடையது. புருஷன் போனபின் கவனிக்க ஆளில்லை. பந்தல் முழுக்க இலை, இலை முழுக்கச் சாம்பல் நோய். பழம்? பேருக்குக்கூட இல்லை! மார்கழி பிறந்ததும் கத்தி எடுத்துக் கவாத்து செய்தேன். அக்கா ஓடிவந்தார்.

“டேய் பாவி, பந்தலையே மொட்ட அடிச்சிட்டியேடா!”

“வளரும்க்கா. பேஜாரு பண்ணாத.”

வளர்ந்ததா? வளர்ந்தது! துளிர்த்ததா? துளிர்த்தது! பூங்கொத்தும் விட்டது! ஆனால் மேற்கு வரிசை மட்டும் மஞ்சளாக நிற்கிறது. தோண்டினேன். வேர் கருத்து அழுகி நாறுகிறது. ஈரம் அடுத்த வரிசைக்கும் ஏறுகிறது. “இந்தத் தபாவும் காய்க்கலன்னா தோட்டத்த வித்துட்டு கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போறேன்” என்கிறார் அக்கா.

வேரை அழுகவைத்தது எது? பூச்சியா? இல்லை! புழுவா? இல்லை! பெருந்தன்மை!

(“இன்னாடா உளர்ற?”)

உளறல மாமா, கேளு. மேல் வயலில் நவரை நெல். ‘ஒண்டியா கீறா, தண்ணிக்கு எங்க போவா’ என்று வரப்பை வெட்டி அக்கா தோட்டத்துக்குத் தினமும் தண்ணீர் விடுகிறார் ஒரு நல்லவர். நெல் நீரில் நிற்கும். திராட்சை நீரில் நின்றால் சாகும்!

(“யாருடா அது? பேரச் சொல்லு!”)

முதல் வணக்கத்திலேயே சொல்லிவிட்டேன்!

இதோ, தலைவர் எழுந்துவிட்டார்.

“நல்லதுதானேடா செஞ்சேன்?”

நல்லதுதான் நைனா. அந்த நல்லதை இன்றோடு நிறுத்துங்கள்!

“ஏம்மா கங்கம்மா, நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

பெண்கள் பக்கமிருந்து அக்கா சொல்வதைக் கேளுங்கள்: “குடுக்கிற தண்ணிய வாணான்னு எப்பிடி நைனா சொல்றது?”

அவரால் சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் நான் மைக்கைப் பிடித்தேன்! வரப்பை அடைப்போம், வடிகால் வெட்டுவோம், வேரைக் காயவிடுவோம்! வருகிற சித்திரையில் இந்த ஊர் வாயெல்லாம் பன்னீர் திராட்சை இனிக்கட்டும்!

“மம்முட்டி எங்கடா?” என்கிறார் தலைவர்.

மண்வெட்டியை மேடைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன் நைனா! பேச்சைக் கேட்ட காதுகளுக்கு நன்றி. வரப்பை அடைக்க வரும் கைகளுக்கு வணக்கம்!